பாய்காட்: ஒருவரின் பெயர் வினைச்சொல் ஆன கதையும், அதைப் பிழையில்லாமல் கையாளும் வழியும்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் ஒரு சின்னச் செய்தியைத் தமிழாக்கினேன். ஏதோ ஒரு கல்லூரியில் கேன்டீன் சாப்பாட்டு விலையை ஏற்றிவிட்டார்கள். மாணவர்கள் அந்தக் கேன்டீனை 'பாய்காட்' செய்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. நான் "மாணவர்கள் கேன்டீனைத் தடை செய்தனர்" என்று எழுதிக் கொடுத்தேன். மெய்ப்பு பார்க்கும் பெரியவர் பேனா முனையை அந்த வரியில் வைத்தபடி என்னைக் கூப்பிட்டார்.

"தடை செய்ய அதிகாரம் வேணும் தம்பி. அந்தப் பசங்ககிட்ட அது இல்ல. 'நாங்க சாப்பிட மாட்டோம்'னு சொல்ற வாய் மட்டும்தான் இருக்கு. அதைத்தான் பாய்காட்னு சொல்றாங்க."

அகராதியில் கிடைக்காத விளக்கம் அது. அதிகாரம் இல்லாதவர்கள் தங்களிடம் இருக்கும் ஒன்றை, அதாவது தங்கள் காசை, உழைப்பை, வருகையை, பேச்சை, கொடுக்க மாட்டோம் என்று நிறுத்திக்கொள்வது. இந்த வினைச்சொல் பிறந்த ஊரையும் நாளையும் தெரிந்துகொண்டால் இதைத் தப்பாக எழுதவே வராது. ஆகவே இந்த வழிகாட்டியில் இலக்கணத்துக்கு எவ்வளவு இடமோ அவ்வளவு இடம் கதைக்கும் உண்டு.

முதல் படி: ஒலியும் எழுத்தும்

முதல் அசையான 'பாய்' மேல் அழுத்தம் விழ வேண்டும். இரண்டாவது அசையை ஆங்கிலேயர் 'காட்' என்றும் 'கொட்' என்றும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் குறுக்கிச் சொல்வார்கள். நம் பக்கத்தில் பலர் 'பாய்கட்' என்கிறார்கள். அது முடிவெட்டும் கடையில் சொல்லும் 'பாய் கட்' போலவே காதில் விழுவதால், மாணவர்கள் எழுதும்போதும் 'வெட்டு' என்ற பொருள் தரும் 'கட்' என்ற சொல்லை அதற்குள் நுழைத்துவிடுகிறார்கள். 'பையன்' என்ற சொல்லுக்கும் 'வெட்டு' என்ற சொல்லுக்கும் இதில் இடமே இல்லை. இது ஒரு குடும்பப் பெயர். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இங்கிலாந்தின் ஜெஃப்ரி பாய்காட் நினைவுக்கு வருவார், அதே பெயர்தான்.

எழுதும்போது கடைசியில் 'டி' எழுத்து இரண்டு முறை வரும். குடும்பப் பெயர் அப்படித்தான் எழுதப்பட்டது, சொல்லும் அப்படியே தங்கிவிட்டது. மனிதரைக் குறித்தால் முதல் எழுத்து பெரிய எழுத்து. வினையைக் குறித்தால் சின்ன எழுத்து. இந்தப் பெரிய எழுத்து சின்ன எழுத்தாக மாறிய விதத்தைக் கீழே சொல்கிறேன்.

இரண்டாம் படி: நான்கு கேள்விகள்

ஒரு செயலை பாய்காட் என்று சொல்லலாமா என்று சந்தேகம் வந்தால் நான் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பேன்.

வழக்கமாகக் கொடுத்துவந்த ஒன்றை நிறுத்துகிறார்களா? சிகரெட்டையே தொடாதவர் சிகரெட் கம்பெனியை பாய்காட் செய்ய முடியாது. தினம் அந்தக் கடையில் டீ குடித்தவர்தான் அந்தக் கடையை பாய்காட் செய்ய முடியும்.

வெளிப்படையாக, சொல்லிவிட்டுச் செய்கிறார்களா? யாருக்கும் தெரியாமல் ஒதுங்கிப் போவது தவிர்ப்பது. அதற்கு 'அவாய்ட்' இருக்கிறது.

எதிர்ப்போ கோரிக்கையோ பின்னால் இருக்கிறதா? ருசி பிடிக்காததால் ஒரு ஹோட்டலுக்குப் போகாமல் இருப்பது பாய்காட் ஆகாது. அங்கே வேலை செய்பவர்களுக்குக் கூலி கொடுக்கவில்லை என்பதற்காகப் போகாமல் இருந்தால் ஆகும்.

சேர்ந்து செய்கிறார்களா? இதில் மட்டும் கொஞ்சம் நெகிழ்வு உண்டு. "ஐ ஆம் பாய்காட்டிங் தட் ஷாப்" என்று ஒற்றை ஆள் சொன்னாலும் இன்றைய ஆங்கிலம் ஏற்கும். ஆனால் அப்படிச் சொல்லும்போதே, மற்றவர்களும் சேர வேண்டும் என்ற அழைப்பு அதில் ஒலிக்கும்.

மூன்றாம் படி: மேயோவில் நடந்தது

சார்ல்ஸ் கன்னிங்ஹாம் பாய்காட் 1832இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தவர். கொஞ்ச காலம் ராணுவத்தில் இருந்துவிட்டு விலகி, அயர்லாந்தில் நிலம் குத்தகைக்கு எடுத்துத் தங்கிவிட்டார். 'கேப்டன்' என்று அவரை எல்லோரும் சொன்னாலும் ராணுவத்தில் அந்தப் பதவியை அவர் எட்டவில்லை. ஊர்வழக்கில் ஒட்டிக்கொண்ட மரியாதை அது. 1870களில் மேயோ கவுண்டியில் பாலின்ரோப் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், லாக் மாஸ்க் ஏரிக்கரை வீட்டுக்குக் குடிவந்தார். சொந்த விவசாயத்தோடு, எர்ன் பிரபு என்ற நிலவுடைமையாளருக்கு அந்தப் பகுதியிலிருந்த நிலங்களுக்கு ஏஜென்ட். குத்தகை வசூலிப்பது, கொடுக்காதவர்களை வெளியேற்றுவது அவர் வேலை. நம் பண்ணை நிலங்களில் காரியஸ்தர் என்போமே, கிட்டத்தட்ட அந்த இடம்.

அன்றைய அயர்லாந்தில் உழுபவர்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் கிடையாது. 1879இல் விளைச்சல் பொய்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஐரிஷ் நிலச் சங்கம் டப்ளினில் தொடங்கியது. மைக்கேல் டேவிட் அதன் உயிர்நாடி, சார்ல்ஸ் ஸ்டூவர்ட் பார்னெல் தலைவர். நியாயமான குத்தகை, நிலத்திலிருந்து விரட்டப்படாத உறுதி, குத்தகை உரிமையை விற்கும் சுதந்திரம் என்று மூன்று கேட்டார்கள்.

1880 செப்டம்பர் 19இல் என்னிஸ் நகரக் கூட்டத்தில் பார்னெல் ஒரு கேள்வி கேட்டார்: ஒருவரை விரட்டிய நிலத்தை இன்னொருவர் போய்க் குத்தகைக்கு எடுத்தால் அவரை என்ன செய்வீர்கள்? கூட்டத்திலிருந்து "சுடு" என்று குரல் வந்தது. அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது என்றார் அவர். சாலையில் பார்த்தால் விலகிப் போங்கள், கடையில் பார்த்தால் விலகிப் போங்கள், சந்தையிலும் வழிபாட்டு இடத்திலும்கூட அந்த ஆளைத் தனியாக விடுங்கள், பழைய காலத்தில் தொழுநோயாளிகளை ஒதுக்கியதைப்போல ஒதுக்குங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். தொழுநோயாளிகளை அப்படிச் சொன்னது இன்று நெருடுகிறது. ஆனாலும் துப்பாக்கியைக் கேட்ட கூட்டத்துக்கு அவர் கொடுத்த மாற்று அதுதான்.

மூன்று நாள் கழித்து, செப்டம்பர் 22இல், பாய்காட்டின் ஊரில் இது பற்றிக்கொண்டது. குத்தகையில் 10 சதவீதம் தள்ளுபடி தருவதாக எர்ன் பிரபு சொல்லியிருந்தார், குத்தகைதாரர்கள் 25 சதவீதம் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார். பாய்காட் 11 பேரை வெளியேற்ற நடவடிக்கை எடுத்தார். நோட்டீஸ் கொடுக்க ஆள் வந்தார், போலீஸ் பாதுகாப்போடு. மூன்று வீட்டுக்குத்தான் கொடுத்திருந்தார், அதற்குள் பெண்கள் திரண்டு கல்லையும் சேற்றையும் சாணியையும் வீசினார்கள். நோட்டீஸ்காரர் பாய்காட் வீட்டுக்கே ஓடிப்போய் ஒளிந்தார்.

அடுத்த நாள் ஊரே பாய்காட் வீட்டு வாசலுக்கு வந்து, வேலைக்காரர்கள் எல்லோரையும் கிளம்பச் சொன்னது. அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதை அவரே எழுதியிருக்கிறார். அவர் லண்டன் 'த டைம்ஸ்' நாளிதழுக்கு எழுதிய கடிதம் அக்டோபர் 18இல் வெளியானது. எனக்கு அந்தக் கடிதத்தில் பிடிபட்ட விஷயம் அதன் பட்டியல். வயல் வேலைக்காரர்களும் லாயத்து ஆட்களும் போய்விட்டார்கள். மாடு மேய்ப்பவர் வேலையை விட்டுவிட்டார். கொல்லருக்கு, இனி இவருக்கு வேலை செய்தால் கொலை என்று மிரட்டல் கடிதம் வந்தது. துணி வெளுக்கும் பெண்ணிடம் இவர் வீட்டுத் துணியை எடுக்காதே என்றார்கள். பாலின்ரோபுக்குத் தபால் பையைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் 12 வயதுச் சிறுமியை வழியில் அடித்து மிரட்டினார்கள். அப்புறம் அவர் தன் உறவுக்காரச் சிறுவனை, தம்பி மகனோ அக்கா மகனோ, அனுப்ப, அவனையும் தடுத்தார்கள். கடைக்காரர்களிடம் இவருக்கு எதையும் விற்கக் கூடாது என்று எச்சரிக்கை. தந்தி கொண்டுவரும் ஆளையும் வழிமறித்தார்கள்.

அறப்போர் என்று மட்டும் இதைப் படித்துவிட்டுப் போவது சரியல்ல. சிறுமியை அடித்ததும் கொல்லரை மிரட்டியதும் நடந்தவை. ஒத்துழைப்பை நிறுத்துவது என்ற வலிமையோடு, நிறுத்தாதவர்களை மிரட்டுவது என்ற இருட்டும் இந்தச் சொல் பிறந்த நாளிலேயே அதன் கூடப் பிறந்திருக்கிறது.

விளைந்து கிடந்த கிழங்குகளைத் தோண்ட ஆள் இல்லை. கடிதத்தைப் படித்தவர்கள் அவரை மீட்கப் பணம் திரட்டினார்கள். கேவன், மோனஹன் பகுதிகளிலிருந்து 50 தொண்டர்கள் நவம்பர் 12இல் லாக் மாஸ்க் வீட்டை அடைந்தார்கள். அந்த ஐம்பது பேருக்குக் காவலாக ஆயிரத்தை ஒட்டிய படையினரும் போலீசும். அடைமழையில் கூடாரம் அடித்துத் தங்கி, இரண்டு வாரம் டர்னிப்பும் உருளைக்கிழங்கும் தோண்டினார்கள். விளைச்சலின் மதிப்பு சுமார் 500 பவுண்ட். அரசுக்கும் மற்றவர்களுக்கும் ஆன செலவு சுமார் 10,000 பவுண்ட். தோண்டிய ஒவ்வொரு டர்னிப்புக்கும் ஒரு ஷில்லிங் செலவு என்று பார்னெல் சொன்னார்.

நவம்பர் 27இல் பாய்காட் குடும்பத்தோடு கிளம்பினார். வாடகைக்கு வண்டி ஓட்ட அந்த வட்டாரத்தில் ஒருவரும் முன்வரவில்லை. ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியில், ராணுவத்தார் ஓட்டத்தான் அவர் ஊரைவிட்டுப் போனார். அடுத்த ஆண்டு அமெரிக்கா போனபோது 'பாய்காட்' என்ற பெயரை விட்டுவிட்டு 'சார்ல்ஸ் கன்னிங்ஹாம்' என்று பயணம் செய்தார். சொந்தப் பெயரைச் சொந்த ஆளே சொல்ல முடியாத அளவுக்கு, அதற்குள் அது எல்லோருடைய சொல்லாகிவிட்டது. 1897இல் அவர் இங்கிலாந்தில் இறந்தார்.

நான்காம் படி: பெயர் வினையானது எப்படி

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் அப்போது அந்தப் பகுதியில் இருந்தார். நீல் என்ற ஊரின் பங்குத்தந்தை ஜான் ஓமாலியோடு சாப்பிட உட்கார்ந்தபோது நடந்ததாக அவர் எழுதிவைத்த கதை இது. ரெட்பாத் சாப்பிடாமல் யோசனையில் இருந்தார். என்ன விஷயம் என்று பாதிரியார் கேட்டார். ஒரு சொல் கிடைக்கவில்லை என்றார் ரெட்பாத். ஆங்கிலத்தில் 'ஆஸ்ட்ரசைஸ்' என்ற சொல் இருந்தது. பழைய ஏதென்ஸ் நகரத்தில் ஒருவரை நாடு கடத்தப் பானை ஓட்டில் பெயர் எழுதி வாக்களித்த வழக்கத்திலிருந்து வந்தது. ஆனால் உழவர்களுக்கு அது புரியாதே. பாதிரியார் கொஞ்சம் குனிந்து, நெற்றியைத் தட்டி யோசித்துவிட்டு, அவரை 'பாய்காட்' செய்வது என்றே சொன்னால் என்ன என்று கேட்டார்.

எனக்கு இதில் மனதைத் தொடுவது, உழவர்களுக்குப் புரிய வேண்டும் என்ற அக்கறைதான். படித்தவர்களுக்கு ஏற்கெனவே சொல் இருந்தது. வயலில் நிற்பவர்களுக்காகப் புதுச் சொல் தேடினார்கள். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

ஆங்கிலத்தில் ஆட்பெயரிலிருந்து வந்த வினைகள் வேறும் உண்டு. பாஸ்டரிலிருந்து 'பாஸ்டரைஸ்', கால்வானியிலிருந்து 'கால்வனைஸ்', மெஸ்மரிலிருந்து 'மெஸ்மரைஸ்'. இவற்றுக்கெல்லாம் 'ஐஸ்' என்று ஒரு வால் ஒட்ட வேண்டியிருந்தது. பாய்காட்டுக்கு எதுவும் ஒட்டவில்லை. பெயரை அப்படியே எடுத்து வினையாக ஓட்டினார்கள்.

வேகமும் வியப்பானது. 1880 செப்டம்பர் இறுதியில் சம்பவம். நவம்பர் 20இல் 'த டைம்ஸ்' இதழில் அது வினையாக, மேற்கோள் குறிக்குள் அச்சேறிவிட்டது. புதுச் சொல் என்பதால் மேற்கோள் குறி, ஆட்பெயர் என்பதால் பெரிய எழுத்து என்று ஆரம்பத்தில் எழுதினார்கள். நாளடைவில் குறியும் போயிற்று, பெரிய எழுத்தும் போயிற்று. பிரெஞ்சு, ஜெர்மன், டச்சு, ரஷ்யன், ஜப்பானியம் வரை தத்தம் ஒலிக்கு ஏற்ப இதை எடுத்துக்கொண்டன.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது: சொல்தான் 1880இல் பிறந்தது, செயல் அல்ல. 1791இலேயே பிரிட்டனில் அடிமைமுறையை எதிர்த்தவர்கள் கரீபியத் தோட்டங்களின் சர்க்கரையை வாங்காமல் நிறுத்தினார்கள். இன்று அதையும் பாய்காட் என்றே எழுதுகிறோம், தப்பில்லை. ஆனால் அவர்கள் காலத்தில் அந்தச் சொல் இல்லை. 1791இல் வாழ்ந்த ஒருவர் வாயில் அதை வைத்து எழுதிவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: வாக்கியத்தில் வைப்பது

வடிவங்கள் எளிது: பாய்காட், பாய்காட்ஸ், பாய்காட்டட், பாய்காட்டிங்.

இது செயப்படுபொருள் குன்றாத வினை. எதை ஒதுக்குகிறோமோ அதை வினைக்குப் பின் நேராக வைக்க வேண்டும். "தே பாய்காட்டட் த எலெக்ஷன்." அவ்வளவுதான். தமிழில் 'தேர்தலிலிருந்து விலகினார்கள்' என்று நினைத்துக்கொண்டு "பாய்காட்டட் ஃப்ரம் த எலெக்ஷன்" என்று எழுதுவது நம் மாணவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை. 'எதிர்த்து' என்று நினைத்து 'அகெய்ன்ஸ்ட்' சேர்ப்பது அதற்கு அடுத்தது.

இன்னொரு பிழை கொஞ்சம் நுட்பமானது. "தே பாய்காட்டட் டு அட்டெண்ட் த மீட்டிங்" என்று எழுதுகிறார்கள். 'வர மறுத்தார்கள்' என்பதற்கு 'ரெஃப்யூஸ்ட் டு அட்டெண்ட்' சரி, ஏனென்றால் 'ரெஃப்யூஸ்' இன்னொரு வினையை ஏற்கும். பாய்காட் ஏற்காது. ஒன்று "ரெஃப்யூஸ்ட் டு அட்டெண்ட் த மீட்டிங்" என்று எழுதுங்கள், இல்லையென்றால் "பாய்காட்டட் த மீட்டிங்" என்று முடித்துவிடுங்கள். இரண்டையும் ஒட்டக் கூடாது.

ஆள், கடை, பொருள், நாடு, நிகழ்ச்சி, தேர்தல், வகுப்பு, நீதிமன்றம் எல்லாம் செயப்படுபொருளாக வரலாம். செயப்பாட்டு வினையும் இயல்பாக வரும்: "த கேம்ஸ் வேர் பாய்காட்டட் பை மெனி கன்ட்ரீஸ்." 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா உட்பட 60க்கும் மேற்பட்ட நாடுகள் ஒதுக்கியபோதும், 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு சோவியத் அணி வராதபோதும் பத்திரிகைகள் இந்த வினையைத்தான் எழுதின.

பெயர்ச்சொல்லாகவும் இதே சொல்தான். அப்போது 'ஆஃப்' வேண்டும்: "எ பாய்காட் ஆஃப் த எலெக்ஷன்." வினைக்கு இடைச்சொல் வேண்டாம், பெயருக்கு வேண்டும், இதை மனதில் வைத்தால் பாதிப் பிழை போய்விடும். பெயரோடு சேரும் வினைகளையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். அழைப்பு விடுத்தால் 'கால் ஃபார்', கைவிட்டால் 'கால் ஆஃப்'. இரண்டும் 'கால்'தான், பொருள் நேர் எதிர்.

ஆறாம் படி: அண்டை வீட்டுச் சொற்கள்

'பேன்' என்பது தடை. மேலிருந்து, அதிகாரத்தோடு வருவது. 'எம்பார்கோ' அரசு விதிக்கும் வணிகத் தடை. 'சாங்ஷன்' நாடுகள் விதிக்கும் தண்டனை நடவடிக்கை. இந்த மூன்றும் மேலிருந்து கீழே வருபவை. பாய்காட் பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ வரும்.

'ஸ்ட்ரைக்' என்பது வேலையை நிறுத்துவது. கொல்லரும் வயல் ஆட்களும் வேலையைத்தானே நிறுத்தினார்கள் என்று கேட்கலாம். வித்தியாசம் இலக்கில் இருக்கிறது: ஸ்ட்ரைக் செய்பவர் தன் வேலை நிலைமைக்காக முதலாளியிடம் பேரம் பேசுகிறார், பாலின்ரோப் கொல்லருக்குத் தன் கூலியைப் பற்றிக் கோரிக்கை எதுவும் இல்லை.

'வாக்அவுட்' என்பது வெளிநடப்பு. சட்டமன்றத்துக்குள் வந்து உட்கார்ந்து, பேசி, எழுந்து போனால் வெளிநடப்பு. வாசலையே மிதிக்காவிட்டால் பாய்காட். செய்தித்தாள்களில் இந்த இரண்டும் மாறிப்போவதைப் பார்க்கும்போது எனக்கு உறுத்தும், ஏனென்றால் அவையில் என்ன நடந்தது என்ற தகவலே தப்பாகிவிடுகிறது.

மாண்ட்கோமரி பேருந்துப் போராட்டத்தை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1955 டிசம்பர் 5இல் தொடங்கி 381 நாள், பேருந்தில் நிறம் பார்த்துப் பிரித்து உட்காரவைத்ததை எதிர்த்து, கறுப்பின மக்கள் நகரப் பேருந்தில் ஏறவில்லை. பேருந்துக்குப் பூட்டு போடவில்லை, ஓட்டுநரைத் தடுக்கவில்லை. நடந்தார்கள், கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றிக்கொண்டார்கள். தங்கள் பயணக் காசைக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார்கள். மேலே சொன்ன நான்கு கேள்விக்கும் இதைவிடத் தெளிவான 'ஆமாம்' எனக்குத் தெரிந்து இல்லை.

ஏழாம் படி: தமிழில் எதை எழுதுவது

மொழிபெயர்ப்பவர்களுக்கு இதுதான் கடினமான படி.

நாளிதழ்த் தமிழில் 'புறக்கணி' நிலைபெற்றுவிட்டது: தேர்தல் புறக்கணிப்பு, வகுப்புப் புறக்கணிப்பு, நீதிமன்றப் புறக்கணிப்பு. நல்ல சொல், ஒதுக்கிப் புறத்தே விடுவது என்ற படம் அதற்குள் இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு முகம். "மக்கள் தேர்தலைப் புறக்கணித்தார்கள்" என்றால் பாய்காட். "அரசு எங்கள் ஊரைப் புறக்கணிக்கிறது" என்றால் கண்டுகொள்ளாமல் விடுவது, ஆங்கிலத்தில் 'நெக்லெக்ட்'. தமிழில் ஒரே சொல் என்பதால், "த கவர்மென்ட் பாய்காட்ஸ் அவர் வில்லேஜ்" என்று எழுதிவிடுகிறார்கள். சாலை போடாமல் விட்ட அரசு எந்த எதிர்ப்பையும் அறிவிக்கவில்லை. அது பாய்காட் இல்லை.

'பகிஷ்காரம்' சமஸ்கிருதத்திலிருந்து வந்தது, வெளியேற்றுதல் என்று பொருள். சுதேசி இயக்கக் காலத்தோடு அது நம் நினைவில் ஒட்டியிருக்கிறது. 1905 ஆகஸ்ட் 7இல் கல்கத்தா டவுன் ஹாலில் அந்நியப் பொருள்களைப் பகிஷ்கரிக்கும் தீர்மானம் வந்தபோது, பாய்காட் என்ற சொல்லுக்கு வயது வெறும் 25. அடுத்த ஆண்டு தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908இல் அங்கே சுதேசி உணர்வு கொதித்த நாட்களில், இயக்கத்துக்கு எதிரான வக்கீல் ஒருவருக்குப் பாதிச் சவரத்தோடு நாவிதர் கத்தியை மடக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார் என்று கதை வழங்குகிறது. பாலின்ரோப் கொல்லரும் அந்த நாவிதரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், செய்தது ஒன்றேதான். அந்தக் காலத்தை எழுதும்போது நான் 'அந்நியத் துணிப் பகிஷ்காரம்' என்றே எழுதுவேன். 'புறக்கணிப்பு' என்றால் காலத்தின் மணம் போய்விடுகிறது.

இலங்கைத் தமிழில் இந்தச் சொல் பழையதாகவே ஆகவில்லை. 'பணிப் பகிஷ்கரிப்பு' என்று இன்றும் அங்கே இயல்பாக எழுதுகிறார்கள், வேலைநிறுத்தத்துக்கும் சேர்த்து. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் 1931இல் அரசாங்க சபைத் தேர்தலுக்கு எதிராக விடுத்த அழைப்பை 'பகிஷ்கரிப்பு' என்று எழுதினால்தான் அங்குள்ள வாசகருக்கு உறுத்தாமல் இருக்கும். யாருக்காக மொழிபெயர்க்கிறோம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது சொல்தான் முக்கியம்: 'ஊர் விலக்கம்', 'ஒதுக்கிவைத்தல்', 'தள்ளிவைத்தல்'. பாய்காட்டின் கடிதப் பட்டியலை மறுபடி பாருங்கள். வேலைக்கு ஆள் வராது, துணி வெளுக்க மாட்டார்கள், கடையில் சாமான் தர மாட்டார்கள். நம் கிராமங்களில் ஊர்க்கட்டுப்பாடு என்ற பெயரில் ஒரு குடும்பத்தைத் தள்ளிவைக்கும்போது போடுவதும் இதே பட்டியல்தான். ஆனால் பாலின்ரோபில் அது மேலே இருந்தவர் மேல் பாய்ந்தது. நம் ஊரில் பெரும்பாலும் கீழே தள்ளப்பட்டவர்கள் மேலேயே பாய்கிறது. கூலி உயர்வு கேட்ட தலித் மக்களுக்கும் சாதி மாறித் திருமணம் செய்தவர்களின் குடும்பங்களுக்கும் எதிராக இது பயன்படுகிறது. ஆங்கிலத்தில் இதற்கும் 'சோஷியல் பாய்காட்' என்றே பெயர். பட்டியல் சாதிகள், பழங்குடிகள் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், இந்த மக்களைச் சமூக, பொருளாதார பாய்காட் செய்வதையும் செய்வதாக மிரட்டுவதையும் குற்றமாக்கியது.

இந்த 'சோஷியல் பாய்காட்' வரும் இடத்தில் தயவுசெய்து 'சமூகப் புறக்கணிப்பு' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். யாரோ ஒரு கூட்டத்துக்கு வராமல் இருந்ததைப்போல அது மென்மையாகிவிடுகிறது. 'ஊரைவிட்டு ஒதுக்கிவைத்தார்கள்' என்றால் தண்ணீர்க் குழாயும் மளிகைக் கடையும் சாவு வீடும் வாசகர் கண்முன் வரும்.

எட்டாம் படி: கைப்பழக்கம்

சில வாக்கியங்களை நான் எப்படித் தமிழாக்குவேன் என்று காட்டுகிறேன்.

"லாயர்ஸ் பாய்காட்டட் த கோர்ட்ஸ் ஆன் மண்டே." வழக்கறிஞர்கள் திங்களன்று நீதிமன்றப் பணிகளைப் புறக்கணித்தார்கள். 'பணிகளை' என்று சேர்த்தேன். வெறுமனே 'நீதிமன்றத்தைப் புறக்கணித்தார்கள்' என்றால் தீர்ப்பை மதிக்கவில்லை என்று தொனிக்க இடமுண்டு.

"வீ ஹேவ் டிசைடட் டு பாய்காட் தேர் ப்ராடக்ட்ஸ்." அவர்கள் பொருள்களை இனி வாங்குவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். பெரிய சொல்லே வேண்டாம். ஆங்கில வினை தெரிந்தவருக்கு 'இனி வாங்குவதில்லை' என்பது எளிமையாகத் தோன்றலாம். படிப்பவருக்கு அதுதான் நேராகப் போகிறது.

"ஹிஸ் ரிலேட்டிவ்ஸ் பாய்காட்டட் த வெட்டிங்." உறவுக்காரர்கள் யாரும் கல்யாணத்துக்கு வர மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். 'வரவில்லை' என்று மட்டும் எழுதினால் பஸ் கிடைக்காமல்கூட வராமல் இருந்திருக்கலாம். 'சொல்லிவிட்டார்கள்' என்பதில்தான் இரண்டாவது கேள்விக்கான பதில் இருக்கிறது.

கடைசியாக, 1880 நவம்பர் 20இல் 'த டைம்ஸ்' இதழில் வந்த அந்த வாக்கியம். லிமெரிக் கவுண்டியின் நியூ பாலஸ் ஊரைப் பற்றியது: "த பீப்பிள் ஆஃப் நியூ பாலஸ் ஹேவ் ரிசால்வ்ட் டு பாய்காட் தெம் அண்ட் ரெஃப்யூஸ்ட் டு சப்ளை தெம் வித் ஃபுட் ஆர் ட்ரிங்க்." சொல்லுக்கு வயது சில வாரங்கள்தான், படிப்பவருக்குப் புரியாமல் போய்விடக் கூடாது என்று எழுதியவரே பொருளையும் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் பல முறை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்து, இப்போது இப்படி வைத்திருக்கிறேன்: "நியூ பாலஸ் ஊரார் அவர்களை ஒதுக்கிவைப்பது என்று முடிவுகட்டி, அன்னந்தண்ணி கொடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள்."